பால்மரம் பால் செய்வது எப்படி?



பால்மரத்துப் பால் எங்கிருந்து வருகிறது என்று வகுப்பில் கேட்டேன். "வேர் மண்ணிலிருந்து உறிஞ்சித் தருகிறது, ஐயா" என்றான் ஒரு மாணவன். பெரியவர்களிலும் பலர் அப்படியே எண்ணுகிறார்கள்.

வேர் தருவது நீரும் உப்புகளுமே. பாலின் மூலப்பொருள் இலையில் பிறக்கிறது. கரியமில வாயுவையும் நீரையும் கொண்டு, வெயிலின் சக்தியால் இலை சர்க்கரை செய்கிறது. இது ஒரே வீச்சில் நடப்பதன்று. அமெரிக்காவில் கால்வினும் அவருடைய தோழர்களும் கதிரியக்கமுள்ள கரியைப் பாசிக்குக் கொடுத்து, சில விநாடிகளில் பாசியைக் கொன்று, கரி எதில் சேர்ந்திருக்கிறது என்று பார்த்தார்கள். முதலில் அகப்பட்டது 3 கரியணுக்கள் கொண்ட ஒரு பொருள். அதிலிருந்து படிப்படியாகத்தான் சர்க்கரை. இதற்காகக் கால்வின் 1961-இல் நோபல் பரிசு பெற்றார்.

இலை செய்து அனுப்புவது நாம் தேநீரில் போடும் அதே சீனிதான். அது பட்டை வழியாக இறங்கி, பட்டையின் உட்புறத்தில் வளையம் வளையமாக அமைந்த பால்குழாய்களுக்குள் புகுகிறது. அங்கே நொதிகள் காத்திருக்கின்றன. ஒன்று செய்து முடித்ததை அடுத்தது வாங்கிக்கொள்ளும். சீனி 3 கரியணுத் துண்டுகளாக உடைகிறது. ஒவ்வொரு துண்டும் ஒரு கரியணுவைக் கரியமில வாயுவாக இழந்து 2 ஆகிறது. அப்படி மூன்று துண்டுகள் சேர்ந்து 6 ஆகி, அதிலும் ஒன்று கழிந்து 5 நிற்கிறது. இந்த 5 கரியணுத் துண்டுதான் ரப்பர்ச் சங்கிலியின் கண்ணி. ஆயிரக்கணக்கான கண்ணிகள் கோத்தது ஒரு சங்கிலி. கணக்குப் பாருங்கள்: 9 கரியணு போட்டால் 5-தான் ரப்பராகிறது. மரத்துக்கு இது செலவு மிகுந்த வேலை.

கிள்ளான் பக்கம் ரப்பர் இருந்த இடங்களில் பின்னர் செம்பனையும் வீடுகளும் வந்தன. செம்பனையும் அதே 2 கரியணுத் துண்டைத்தான் எடுக்கிறது. ஆனால் வேறு வழியில் கோக்கிறது. எட்டுத் துண்டுகள் சேர்ந்தால் 16 கரியணு கொண்ட கொழுப்பமிலம். செம்பனை எண்ணெயில் நிறைய இருப்பது அது.

மங்கில் வடிந்து போன பாலை மரம் திரும்பச் செய்ய வேண்டும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் வெட்டும் வழக்கம் அதனால் வந்தது. பால் பெருக மருந்து தடவுகிறார்களே, அந்த மருந்து சீனி தராது. இருக்கிற சீனியை வேகமாக இழுக்கும், பாலை நெடுநேரம் ஓடவிடும், அவ்வளவே. அளவு மீறினால் பட்டை வறண்டு, வெட்டினாலும் பால் வராது. என் தாயார் வேலை செய்த தோட்டத்தில் ஓய்வு நாளிலும் வெட்டச் சொன்னார்கள். மரங்கள் வறண்டன, எடை குறைந்தது. "வெட்டு சரியில்லை" என்று பழி அம்மாவின் மீது விழுந்தது. அளவு மீறி வெட்டியதால் மரம் வறண்டது என்று சொல்ல அவருக்குத் தெரியாது. அன்று எனக்கும் தெரியாது.

பிப்ரவரி, மார்ச்சில் இலை உதிர்ந்து தளிர்விடும்போது பால் ஏன் குறைகிறது என்று அந்த மாணவனையே பிறகு கேட்டேன். சற்று யோசித்தான்.

"சீனி செய்ய இலை இல்லை, ஐயா. இருக்கிறதையும் தளிர் எடுத்துக்கொள்ளுது."