போடிமெட்டுச் சாலையில் ஒரு பாட்டுக்காரன்

பைனாகுலர், பறவைக் கையேடு, விடிவதற்கு முன் எழுந்து கிளம்புவது இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். நான் போடிநாயக்கனூரிலிருந்து அரைநாளில் போய்த் திரும்பும் பறவை நோக்கலைப் பற்றி மட்டும் பேசப்போகிறேன். கொஞ்சம் கோபத்தோடுதான் பேசப்போகிறேன்.

இப்போதெல்லாம் போடிமெட்டுச் சாலைக்குப் பெரிய பெரிய லென்ஸோடு வருகிறார்கள். வண்டியை ஓரங்கட்டும் முன்பே, "இங்கே தீக்காக்கை கிடைக்குமா?" என்று கேள்வி. எதிரில் செம்மீசைச் சின்னான் ஒரு ஜோடி பழம் தின்றுகொண்டிருக்கும். அதை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. பத்து நிமிடத்தில் நூறு படம், பிறகு அடுத்த வளைவு. இதைப் பறவை நோக்கல் என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

நமக்கு வாய்த்த சாலை எப்பேர்ப்பட்டது! ஊர் சுமார் 350 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மெட்டு 1,300 மீட்டருக்கும் மேல். நடுவே 30 கிலோமீட்டர்கூட இல்லை. அடிவாரத்தில், முந்தல் பக்கத்துக் கரட்டுக்காட்டில் பனங்காடை, பஞ்சுருட்டான், கௌதாரி. 17 கொண்டை ஊசி வளைவுகளும் ஏறி முடிப்பதற்குள் மின்சிட்டு வந்துவிடும், நீலச்சிறகுக் கிளி வந்துவிடும். ஏலத்தோட்டத்து நிழல்மரங்களில் குக்குறுவான் ஓயாமல் கூப்பிட்டுக்கொண்டிருக்கும். ஏலச்செடிக்கு நிழல் வேண்டும் என்பதற்காக விட்டுவைத்த மரங்கள்தான் இத்தனை பறவைகளுக்கும் வீடு.

இவ்வளவு இருந்தும் என் மனம் நிற்பது ஒரே பறவையிடம்தான். சீகாரப் பூங்குருவி. நேயர்களே, ஒருமுறை அதன் பாட்டைக் கேட்டவர்கள் என்னைக் குறை சொல்லமாட்டார்கள். தென்மேற்குப் பருவமழை தொடங்கி, மலைமுகட்டில் மஞ்சு இறங்கும் நாட்களில், ஆள் முகம் தெரியாத விடிகாலை இருட்டிலேயே பாடத் தொடங்கிவிடும். மெட்டு தெரியாத ஒரு பையன் தன்பாட்டுக்குச் சீட்டியடித்துக்கொண்டு போவது போல, ஏறும், இறங்கும், நடுவில் நின்று யோசிக்கும், மறுபடி தொடங்கும். அருவி இரைச்சலையும் மீறிக் கேட்கும். விடிந்து வெயில் ஏறினால் பாட்டு அநேகமாக ஓய்ந்துவிடும். ஆகவே எட்டு மணிக்கு வந்து இறங்குபவருக்கு அந்தக் கச்சேரி கிடையாது.

இதை எங்கே தேடுவது என்று எனக்குச் சொல்லித்தந்தது எந்தப் புத்தகமும் இல்லை. தோட்டவேலைக்கு ஜீப்புக்காகக் காத்திருந்த ஒரு மூதாட்டி. "அது ஓடைய விட்டு எங்கிட்டும் போகாதுய்யா. பாலத்துக்கு அடியில பாரு, இருக்கும்" என்றார். இருந்தது. ஈரப் பாறையில் ஒரு நண்டைப் பிடித்து, பாறைமேலேயே அடித்து அடித்துத் தின்றுகொண்டிருந்தது.

படமெடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நிழலில் இந்தப் பறவை வெறும் கறுப்பாகத்தான் தெரியும். வெயில் பட்ட கணம் நெற்றியிலும் தோளிலும் நீலம் சுடர்விடும். அந்தக் கணத்தில் கேமராவின் மீட்டரை நம்பாதீர்கள். கரும்பறவை சட்டத்தை நிறைத்தால் மீட்டர் வெளிச்சத்தைக் கூட்டிவிடும், நீலம் வெளுத்துப்போகும். எக்ஸ்போஷரைக் கொஞ்சம் குறையுங்கள். பின்னால் வெள்ளை அருவி இருந்தால் நேர்மாறாகக் கூட்டுங்கள். துண்டை மடித்துப் பாலத்துச் சுவரில் வைத்து அதன்மேல் லென்ஸைக் கிடத்துங்கள். பாடும்போது பறவை ஓரிடத்தில் நிற்கும். குறைந்த வேகத்து ஷட்டரிலும் படம் தெளிவாக வரும். ஆனால் அதற்கு முன்னால், உட்காருங்கள். முதலில் காது, அப்புறம் கண், கடைசியில்தான் கேமரா. திரும்பவும் சொல்கிறேன்: முதலில் காது, அப்புறம் கண், கடைசியில் கேமரா.

செல்போனில் பறவைக் குரலைப் போட்டு இழுக்கிறார்களே, அதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. ஒரு கூட்டம் ஸ்பீக்கர் வைத்துப் பூங்குருவியின் பாட்டைத் திரும்பத் திரும்ப ஒலிக்கவிட்டதை நேரில் பார்த்தேன். தன் எல்லைக்குள் வேறொரு ஆண் வந்துவிட்டது என்று நினைத்து அந்தப் பறவை இரை தேடுவதை விட்டுவிட்டு அங்குமிங்கும் பறந்து தவித்தது. கூடு கட்டும் காலம் அது. அப்படி எடுத்த படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் எனக்கு வேண்டாம்.

மா. கிருஷ்ணனை நினைத்துக்கொள்ளுங்கள். 'ஸ்டேட்ஸ்மன்' நாளிதழில் 1950 முதல் 1996-இல் மறையும்வரை இயற்கையைப் பற்றி எழுதியவர். கறுப்பு வெள்ளையில் படமெடுத்தவர். யானையை எழுதிய அதே அக்கறையோடு காக்கையையும் அணிலையும் எழுதினார். எது அரியது என்று அவர் பட்டியல் போட்டுக்கொண்டு அலையவில்லை.

காட்டுக்குள் ஏறினால்தான் பறவை என்று நினைப்பவர்களுக்கும் சொல்லவேண்டும். 2018 மார்ச்சில் குரங்கணி மலையில் பற்றிய தீயையும், அதில் போன உயிர்களையும் நாம் மறக்கக்கூடாது. வனத்துறை அனுமதியில்லாமல் தடம் விலகிப் போகாதீர்கள். சாலையோரம் ஓர் ஓடைப்பாலம் போதும். அதே பாலத்துக்கு ஆனியிலும் போங்கள், ஐப்பசியிலும் போங்கள், மாசியிலும் போங்கள். குளிர்காலத்தில் வந்து தங்கும் வாலாட்டிக் குருவியும் அதே ஓடையில் நிற்கும்.

ஆண்டுதோறும் பொங்கல் விடுமுறையில் தமிழகமெங்கும் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. ஓரிடத்தில் 15 நிமிடம் நின்று, பார்த்தது கேட்டது எல்லாவற்றையும், சின்னானையும் தவிட்டுக்குருவியையும் விடாமல், எழுதி இ-பேர்டு தளத்தில் பதிந்தால் போதும். வரும் பொங்கலுக்கு நம் மெட்டுச் சாலையிலிருந்தும் பட்டியல்கள் போகட்டும். வாருங்கள்.