மாண்டலின் செய்யப் பழகுதல்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

மாண்டலின் செய்யப் பழகுவது பற்றிப் பேசுமாறு சங்கத்தார் எங்களைப் பணித்தனர். பேச வந்திருப்போர் இசைவாணரும் அல்லர், தச்சரும் அல்லர். பகலெல்லாம் சம்பளப் பட்டியலும் சரக்குச் சீட்டும் எழுதும் எழுத்தர்கள் மூவர். நம் கரக்பூர்ப் பணிமனையில் ரயில்பெட்டிகளின் உட்புற மரவேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவரிடம் 2 ஆண்டுகளாக ஞாயிறுதோறும் பாடம் கேட்டு வருகிறோம். எங்களுக்குப் பிடிபட்ட அளவு சொல்கிறோம்.

அயல்நாட்டுக் கருவி நமக்கு எதற்கு என்று கேட்பார் உண்டு. வயலினும் கடல் கடந்து வந்ததே. ஆந்திரத்துப் பாலக்கொல்லுவில் 1969-இல் பிறந்த ஸ்ரீநிவாஸ், இரட்டைத் தந்திகளை நீக்கி 5 ஒற்றைத் தந்திகள் பூட்டிய மின் மாண்டலினில் கருநாடக இசையின் கமகங்களைப் பேச வைத்தார். 2014-இல் சென்னையில் அவர் மறைந்தபோது வயது 45-தான். அதன் பிறகும் இக்கருவியை அயலது என்று சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை.

18-ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரத்தில் வினாச்சியா குடும்பத்தார் செய்து புகழ்பெற்ற மாண்டலின், வீணைக் குடம்போல் முதுகு புடைத்தது. மெல்லிய மரப்பட்டைகளை ஒன்றோடொன்று ஒட்டி அம்முதுகை அமைப்பர். அமெரிக்காவில் ஆர்வில் கிப்சன் என்பார், தடித்த பலகையைக் குடைந்து வளைவாகச் செதுக்கும் முறைக்கு 1898-இல் காப்புரிமை பெற்றார். இவ்விரண்டும் பழகிய கைகளுக்கு உரியவை. முதன்முதல் உளி பிடிப்பவருக்கு ஏற்றது, மேலும் கீழும் தட்டையான பலகை கொண்ட எளிய வகையே. ஓசையில் அது சற்று எளிமையாயிருக்கலாம், ஆனால் முடிவுபெறும். பரணில் அரைகுறையாகக் கிடக்கும் அழகிய கருவியினும் வாசிக்கக்கூடிய எளிய கருவி மேல் என்பது எங்கள் கட்சி.

உறுப்புகளின் பெயர்களைத் தேடி அலைய வேண்டியதில்லை. வீணையை அறிந்தவருக்கு எல்லாம் தெரிந்தவையே. குடம், தண்டி, மெட்டு, குதிரை, பிரடை ஆகிய அனைத்தும் இதிலும் உண்டு. தந்திகள் மட்டும் 4 ஜோடி. வயலினைப் போலவே சுருதி கூட்டுவர். வீணையின் மெட்டுகளை மெழுகில் பதிப்பர். பிசகினால் இளக்கி நகர்த்தலாம். மாண்டலினிலோ மெட்டுக்கம்பியை மரத்தில் வெட்டிய பள்ளத்தில் அடித்து இறக்குகிறோம். பள்ளம் விலகினால் விலகியதுதான். ஆதலால் இக்கருவியின் உயிர் அளவில் இருக்கிறது. பூவேலையும் பளபளப்பும் பிறகு வரட்டும்.

அந்த அளவைச் சற்று விரித்துச் சொல்ல அனுமதிக்க வேண்டும். தண்டியின் தலைப்பில் தந்தி தங்கும் கட்டையிலிருந்து குதிரை வரையுள்ள நீளம் 350 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அதை 17.817 ஆல் வகுத்தால் 19.6 வரும், அதுவே முதல் மெட்டின் இடம். மீதியை மறுபடியும் அதே எண்ணால் வகுத்தால் 18.5, அதற்கடுத்தது 17.5. இப்படியே குறைந்துகொண்டு சென்று 12-ஆம் மெட்டு சரிபாதியில், 175 மில்லிமீட்டரில் வந்து நிற்கும். அங்கே மேல் ஸ்தாயி பிறக்கிறது. கணக்கில் சிக்கல் இல்லை. குறிக்கும் முறையில்தான் இருக்கிறது. ஒரு மெட்டிலிருந்து அடுத்த மெட்டை அளந்து சென்றால், பேரேட்டில் ஒரு பக்கத்துப் பிழை அடுத்த பக்கத்தின் தொகைக்குத் தாவுவதுபோல, சிறு பிசகுகள் திரண்டுவிடும். எல்லா இடங்களையும் முதலிலேயே கணக்கிட்டு, அளவுகோலை ஒரே இடத்தில் அழுத்தி, தலைப்பிலிருந்தே அனைத்தையும் குறிக்க வேண்டும். எழுத்தர் உத்தியோகம் எங்களுக்குக் கைகொடுத்த இடம் இது ஒன்றே!

குதிரைக்கு இன்னொரு நுட்பம் உண்டு. அதனைச் சரியாக 350-இல் நிறுத்தலாகாது. விரல் அழுத்தும்போது தந்தி சிறிது நீண்டு சுருதி ஏறும். அதை ஈடுசெய்யக் குதிரையை ஓரிரு மில்லிமீட்டர் பின்னே தள்ள வேண்டும். தடித்த தந்திகளின் பக்கம் இன்னும் சற்று அதிகம். இதற்காகவே குதிரையை ஒட்டாமல் தந்தியின் அழுத்தத்திலேயே நிற்க விடுகிறார்கள். 12-ஆம் மெட்டில் அழுத்தி மீட்டிய ஒலி, வெறுந்தந்தியின் ஒலிக்கு நேர் இரட்டைச் சுருதியாக வரும்வரை நகர்த்தினால் போதும்.

மரத்தைப் பற்றி. மேற்பலகைக்கு இமயத்து ஸ்புரூஸ் கிடைத்தால் நன்று. ஆண்டு வளையங்கள் பலகையின் முகத்துக்குச் செங்குத்தாக நிற்குமாறு அறுத்த பலகையே வேண்டும். அதனைச் சுமார் 3 மில்லிமீட்டருக்கு இழைத்து, உட்புறம் குறுக்கே தாங்குகட்டைகளை ஒட்ட வேண்டும். தந்திகள் எட்டும் சேர்ந்து இழுக்கும் இழுப்பு 70 கிலோவுக்கு மேல். அவ்விழுப்பினால் குதிரை மேற்பலகையை ஓயாது அழுத்துகிறது. பலகை கனத்தால் ஒலி ஊமையாகும், மெலிந்தால் அமிழும். விரல் ஓடும் பலகைக்கு ஈட்டியோ கருங்காலியோ தகும்.

பக்கங்களை வளைப்பதுதான் காணக் கண்கோடி வேண்டும் காட்சி. சுமார் 2 மில்லிமீட்டர் கனமுள்ள பட்டையை நனைத்து, சூடேற்றிய இரும்புக் குழாயின்மேல் வைத்து மெல்ல அழுத்த வேண்டும். குழாயில் நீர்த்துளி தெறித்தால் சூடு போதும் என்பது பெரியவரின் கணக்கு. மரம் விறைத்துக்கொண்டு நிற்கும்; பிறகு ஒரு கணத்தில் இளகிக் கொடுக்கும். அந்தக் கணத்தைக் கை அறியவேண்டும்; வாயால் சொல்லித் தர இயலாது. வளைந்த பக்கங்களின் விளிம்பில் ஒட்டும் மெல்லிய கீற்றுகளைப் பிடித்து நிறுத்தத் துணி உலர்த்தும் கவ்விகளே போதும். எங்கள் மூவர் வீட்டுக் கொடிகளிலும் கவ்விகள் மாயமாகும் காரணத்தைத் தாய்மார்கள் இப்போது அறிந்திருப்பார்கள்.

தண்டியைக் குடத்தோடு பொருத்த வச்சிரமே ஏற்றது. வெள்ளைப் பசை ஓயாத இழுப்பில் நாளடைவில் நழுவும். வச்சிரமோ இறுகப் பிடிக்கும். பழுது பார்க்கும் நாளில் சூடும் ஈரமும் காட்டினால் விட்டுக்கொடுக்கும். வங்கத்து மழைக்காலத்தில் மேற்பலகையை ஒட்டலாகாது. ஈரத்தில் உப்பிய பலகையை ஒட்டிவிட்டால், மார்கழிக் காற்றில் அது சுருங்கி வெடிக்கும். ஆகவே ஆடி ஆவணியில் தண்டி செதுக்கி, கார்த்திகை பிறந்த பின்னரே மேற்பலகையைத் தொடுகிறோம். மெருகுக்குச் சாராவியில் கரைத்த அரக்கு. நம் தென்கிழக்கு ரயில்வேத் தடத்திலுள்ள புருலியா மாவட்டமே அரக்கு விளையும் சீமை.

இனி, சங்கத்தின் முன் எங்கள் விண்ணப்பம். குழந்தைகளின் இசைக்குழுவுக்குக் கல்கத்தா லால்பஜார்க் கடைகளிலிருந்து 4 மாண்டலின் வாங்கலாம் என்று ஒரு யோசனை வந்துள்ளது. அங்குள்ள கைவினைஞரைக் குறைத்துப் பேச நாங்கள் வரவில்லை. ஆயினும் நம் குடியிருப்பில் ஏற்கெனவே 3 மாண்டலின்கள் பரண்களில் உறங்குகின்றன. ஒன்றுக்கு மெட்டு கிளம்பியது. ஒன்றுக்குத் தண்டி வளைந்தது. மற்றொன்றுக்குக் குதிரையைக் காணவில்லை. சீர்செய்யத் தெரிந்தவர் இந்தப் பெரியவர் ஒருவரே. அவருக்குப் பார்வை மங்கி வருகிறது; வருகிற தையில் கோவையிலுள்ள மகன் வீட்டுக்கே சென்றுவிடப் போகிறார். அவர் கையில் இருப்பதை ஏட்டில் எழுதி வாங்க முயன்றோம். பாதிதான் ஏட்டில் ஏறுகிறது. மீதியை அவர் அருகில் நின்றுதான் பெறவேண்டும்.

ஆகவே 2 கருவிகள் வாங்கினால் போதும். எஞ்சிய தொகையை மரத்துக்கும் கருவிகளுக்கும் ஒதுக்குங்கள். சங்கக் கட்டடத்தின் பின்புறக் கொட்டகையைத் தையளவும் எங்களிடம் விடுங்கள். பரணில் உள்ள மூன்றையும் முதலில் கீழே இறக்குங்கள். அவற்றைப் பிரித்துச் சேர்ப்பதே முதற்பாடம். பத்தாம் வகுப்புப் பெண்கள் இருவர் இப்போதே பெயர் கொடுத்துவிட்டனர். ஞாயிறு காலை 8 மணிக்குப் பெரியவர் வந்துவிடுவார். வீட்டில் சும்மா கிடக்கும் வைஸ் ஒன்றிரண்டு இருந்தால் எடுத்து வாருங்கள். எங்களிடம் இருப்பது ஒன்றே.