இழிவு எழுத்தில் இல்லை

(வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)



பள்ளியில் சேர்க்கைப் படிவம் நிரப்பும் நாட்களில் ஒரு காட்சியை நான் ஆண்டுதோறும் காண்கிறேன். பெயர், பிறந்த நாள், முகவரி எல்லாவற்றையும் உரக்கச் சொல்லும் மாணவன், சாதிச் சான்றிதழை மட்டும் நான்காக மடித்து மேசையோரமாக நகர்த்துகிறான். அவனைக் கடிந்துகொள்ள எனக்குத் தகுதியில்லை. பி.எட். படித்த காலத்தில் விடுதித் தோழர்களிடம் என் தெருவின் பெயரையே மாற்றிச் சொன்னவன் நான். ஒரு சொல்லுக்கு நாம் ஏன் இவ்வளவு அஞ்சுகிறோம்? அதைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

முதலில் தொலைவிலுள்ள ஒரு நாட்டைப் பார்ப்போம். நம் எழுத்து ஒலியைக் குறிப்பது. சீன எழுத்தோ ஒலியோடு பொருளையும் ஏந்தி நிற்பது. அவ்வெழுத்துகளை ஜப்பானியரும் கடன் பெற்று வழங்குகின்றனர். அந்நாட்டில் தோல் பதனிடுதல், இறந்த கால்நடைகளை அகற்றுதல் ஆகிய தொழில்களைச் செய்த மக்களை ‘எட்டா’ என்று ஒதுக்கி வைத்தனர். அப்பெயரை எழுத இரண்டு சீன எழுத்துகளைத் தேர்ந்தெடுத்தனர். ஒன்றின் பொருள் அழுக்கு. மற்றதன் பொருள் மிகுதி! இறந்தோருக்குக் குருமார் சூட்டும் பெயரிலும், சிலருக்கு விலங்கைக் குறிக்கும் எழுத்தைச் சேர்த்துக் கல்லறையில் பொறித்தனர். 1871இல் அரசாணை அப்பெயரை ஒழித்தது. மனிதர் மனம் ஒழிக்கவில்லை. 1922 மார்ச் 3ஆம் நாள் கியோட்டோ நகரில் அம்மக்கள் திரண்டு ‘சுய்ஹெய்ஷா’ என்னும் சமத்துவ அமைப்பைத் தொடங்கினர். எட்டா என்பதற்காகப் பெருமைகொள்ளும் காலம் வந்துவிட்டது என்று அங்கே அறிவித்தனர்.

இனி நம் சொல்லுக்கு வருவோம். ‘பறை’ என்பதில் அழுக்கு எங்கேனும் உண்டா? தேடிப் பாருங்கள். பறைதல் என்றால் சொல்லுதல். மலையாளத்தில் ‘பறயுக’ என்பதும், யாழ்ப்பாணத் தமிழில் ‘பறைதல்’ என்பதும் பேச்சையே குறிக்கின்றன. பறை என்றால் பறவையின் சிறகு. நெல் அளக்கும் அளவை. ஊருக்குச் செய்தி சொல்லும் தோற்கருவி. தொல்காப்பியம் நிலங்களின் கருப்பொருள்களுள் பறையையும் வைத்தது. குறிஞ்சிக்குத் தொண்டகப்பறை, முல்லைக்கு ஏறுகோட்பறை என்று நூலோர் வகுத்தனர். திருப்பாவையில் ஆயர் மகளிர் கண்ணனிடம் வேண்டுவதும் பறையே. மார்கழி விடியலில் மங்கலமான சொல், நம் தெருவுக்கு வந்ததும் அமங்கலமானது எப்படி? சொல்லில் குற்றமில்லை. ஏடும் எழுத்தாணியும் பிறர் கையில் இருந்தன. அவர்கள் எழுதியதே பொருளாயிற்று. ஆங்கிலத்திலும் அச்சொல் ‘ஒதுக்கப்பட்டவன்’ என்ற பொருளோடு புகுந்தது.

நம் முன்னோர் இதற்கு வெவ்வேறு வழிகளில் விடை கண்டனர். இரட்டைமலை சீனிவாசன் 1893இல் ‘பறையன்’ என்ற பெயரிலேயே இதழ் தொடங்கினார். அயோத்திதாசப் பண்டிதரோ பிறர் சூட்டிய பெயரை ஏற்க மறுத்தார். 1907இல் தம் இதழுக்கு ‘ஒரு பைசாத் தமிழன்’ என்று பெயரிட்டார். நம் கோவிலம்பாக்கத்துக்கு அருகே பரங்கிமலையில் பிறந்த எம்.சி. ராஜா, அரசு ஆவணங்களில் ‘பறையர்’, ‘பஞ்சமர்’ என்பவற்றை நீக்கி ‘ஆதி திராவிடர்’ என்று எழுத வேண்டுமெனச் சென்னைச் சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்தார். அதுவும் அந்த 1922ஆம் ஆண்டிலேதான்!

ஒருவர் பெயரைத் தலைநிமிர்ந்து ஏந்தினார். மற்றவர்கள் புதுப் பெயரை நாடினர். வழிகள் வேறு, கொள்கை ஒன்று. நம் பெயரை நாமே எழுத வேண்டும் என்பதே அது. அவர்கள் கற்றிருந்தார்கள், அதனால் எழுத முடிந்தது. சாவு வீட்டுக்கு மட்டுமே உரியதென்று ஒதுக்கப்பட்ட பறையை இசைத்த வேலு ஆசான் அவர்களுக்கு 2025இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. இழிவு கருவியிலும் இல்லை என்பதற்கு அது சான்று.

இளைஞர்களே! எந்தப் பெயரால் உங்களை அழைத்துக்கொள்வது என்பது உங்கள் உரிமை. ஆனால் அஞ்சி அதைத் தேர்ந்தெடுக்காதீர்கள், அறிந்து தேர்ந்தெடுங்கள். இருபத்தைந்து ஆண்டுகளாக நம் சங்கம் பிள்ளைகளின் கையில் எழுதுகோலைக் கொடுத்து வருகிறது. வரும் ஆண்டில் உங்கள் தம்பி தங்கையர் என் மேசைக்கு வரும்போது அந்தச் சான்றிதழை விரித்தே வைக்கட்டும். நானும் என் தெருவின் பெயரை அவர்களுக்கு உரக்கச் சொல்வேன்.