குப்பிக்கு வரம்புண்டு, கட்டணத்துக்கு இல்லை!

(மருத்துவமனைத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நாட்டின் பெரும் பிரச்சினைகளைப் பேசுதற்கென அமைந்த இம்மேடையில், உள்ளங்கையில் அடங்கும் ஒரு மருந்துக் குப்பியைப் பற்றிப் பேச முனைந்துள்ளேன். குப்பி சிறிதுதான். ஆயினும் ஏழையின் வீட்டிலுள்ள குண்டுமணித் தங்கத்தை அடகுக் கடைக்கு அனுப்பும் ஆற்றல் அதற்கு உண்டு.

சி.டி. ஸ்கேன் எடுக்கச் செல்வோரிடம், “டை போட்டு எடுக்கவேண்டும், அதற்குக் கட்டணம் வேறு” என்று சொல்கிறார்களே, அந்த மருந்தைத்தான் குறிப்பிடுகிறேன். மருத்துவர் அதைக் கான்ட்ராஸ்ட் என்பர். சாயம் என்று பெயரே ஒழிய, அதில் நிறம் ஏதுமில்லை, தண்ணீர்போல் தெளிந்தது. அதில் கலந்துள்ள அயோடின், எக்ஸ்ரே கதிரைத் தடுத்து நிறுத்துகிறது. அதனால் இரத்தக் குழாய் வெண்மையாய்த் துலங்குகிறது. உள்ளே பதுங்கிய கட்டி தன் எல்லையைக் காட்டிக் கொடுக்கிறது. புற்றுநோய் எவ்வளவு பரவியது, குழாய் எங்கே அடைபட்டது என்று மருத்துவர் அறிய, பல வேளைகளில் இதுவே விளக்கு.

முற்கால மருந்துகள் நரம்பிலே ஏற்றியதும் உடல் எரியும். அந்த வேதனையைத் தணிக்க வழி கண்டவர் சுவீடன் நாட்டு மருத்துவர் டார்ஸ்டன் ஆல்மேன். அவர் காட்டிய வழியில் நார்வே நாட்டிலே பிறந்தது ஐயோஹெக்சால். அதன் காப்புரிமைக் காலம் முடிந்து நெடுநாளாயிற்று. இந்திய நிறுவனங்களே இன்று அதைத் தயாரிக்கின்றன. கடல் கடந்து வந்த அருமருந்து, ஆகவே விலை அதிகம் என்று சொல்ல இனி வழியில்லை.

அப்படியானால், அதற்கு விலைக்கட்டுப்பாடு இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு, தோழர்களே, உண்டு! 2015-ஆம் ஆண்டின் தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் ஐயோஹெக்சால் இடம்பெற்றது. பட்டியலில் ஏறிய மருந்துக்கு, 2013-ஆம் ஆண்டின் மருந்து விலைக் கட்டுப்பாட்டு ஆணைப்படி உச்ச விலை வகுக்கப்படும். எப்படி வகுக்கிறார்கள்? சந்தையில் 1 விழுக்காட்டுக்குக் குறையாத பங்குள்ள நிறுவனங்கள், கடைக்காரருக்கு என்ன விலைக்கு விற்கின்றனவோ அவற்றின் சராசரியை எடுத்து, அதன்மேல் 16 விழுக்காடு சில்லறை இலாபம் சேர்க்கிறார்கள். தயாரிக்க ஆன செலவு என்ன என்ற கேள்வி அந்தக் கணக்கிலே எழுவதே இல்லை!

சரி, அந்த வரம்பாவது நோயாளிக்குப் பயன்படுகிறதா? இங்கேதான் சூட்சுமம் இருக்கிறது. வரம்பு குப்பியின்மேல் அச்சிட்ட விலைக்குத்தான். நோயாளியோ குப்பியை வாங்குவதில்லை, கண்ணால் காண்பதுமில்லை. “டை இல்லாமல் இவ்வளவு, டையுடன் இவ்வளவு” என்று இரு தொகைகள் சொல்லப்படுகின்றன. இரண்டுக்கும் இடையிலுள்ள வித்தியாசத்தில் மருந்தின் விலை எவ்வளவு, ஊசிக்கும் குழாய்க்கும் எவ்வளவு, இலாபம் எவ்வளவு? இரசீது வாய் திறப்பதில்லை. மருந்தின் அளவு நோயாளியின் எடைக்கேற்ப மாறும். மெலிந்த மூதாட்டிக்கும் பருத்த இளைஞனுக்கும் ஒரே தொகையா? அதற்கும் விடையில்லை. சிறுநீரகம் செவ்வனே இயங்குகிறதா என்றறிய முன்கூட்டியே கிரியாட்டினின் பரிசோதனை. அதற்கு வேறு கட்டணம்.

அச்சிட்ட விலைக்கும் மருத்துவமனை வாங்கும் விலைக்கும் எத்துணை தூரம் இருக்கக்கூடும் என்பதற்கு அரசாங்கமே சான்று தந்திருக்கிறது. தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் டில்லிப் பகுதியின் 4 தனியார் மருத்துவமனைகளது கணக்கை ஆராய்ந்து, 2018-ஆம் ஆண்டு பிப்ரவரியில் முடிவை வெளியிட்டது. மருந்துகளிலும் ஊசி, குழாய் முதலான பொருள்களிலும் சிலவற்றுக்கு இலாபம் 1,737 விழுக்காடு வரை இருந்தது கண்டறியப்பட்டது. தமிழ்நாட்டிலே இத்தகைய ஆய்வு நடக்கவேண்டும் என்று கேட்பது குற்றமாகுமா?

“இயந்திரத்துக்குக் கோடிக்கணக்கில் முதல் போட்டிருக்கிறோம், மின்சாரம், சம்பளம், பழுது பார்ப்பு இவையெல்லாம் யார் தருவது?” என்று நிலையத்தார் கேட்கின்றனர். நியாயமான கேள்வி. அச்செலவை ஸ்கேன் கட்டணம் என்று வெளிப்படையாய் எழுதி வாங்குங்கள். மருந்தின் முதுகிலே மறைத்து ஏற்றாதீர்கள் என்பதுதான் நம் வாதம்.

வேறு வழி இல்லையோ எனின், வழி நம் மாநிலத்திலேயே இருக்கிறது. 1994-இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், ஒப்பந்தப்புள்ளி கோரி மருந்துகளை மொத்தமாக வாங்குகிறது. அரசு மருத்துவமனைகளிலே ஸ்கேன் நிலையங்களை நடத்தி, வெளிச் சந்தையினும் குறைந்த கட்டணம் பெறுகிறது. ஏழைகளுக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. ஆனால் வரிசை நீளம், நோய் காத்திருப்பதில்லை. காப்பீட்டின் வருமான வரம்பைச் சற்றே தாண்டிய நெசவாளியும் சிறு கடைக்காரனும் தனியார் வாசலில்தான் நிற்கின்றனர்.

விலைக்கட்டுப்பாடு டில்லியின் கையிலே. மருத்துவ நிலையங்களைப் பதிவு செய்து கண்காணிப்பது மாநிலத்தின் கையிலே. அதற்கான தமிழ்நாட்டுச் சட்டம் 1997-இல் பிறந்தது. அதன் விதிகளோ 2018-இல்தான் வந்தன. 21 ஆண்டுகள் உறங்கிய சட்டம், விழித்த பின்பாவது பேசவேண்டாமா?

ஆகவே மூன்று கோரிக்கைகள். ஒன்று: டையின் பெயர், செலுத்திய மில்லி அளவு, குப்பியில் அச்சிட்ட விலை, வாங்கிய தொகை ஆகிய நான்கும் இரசீதில் தனித்தனியே இருக்கவேண்டும், கட்டணப் பலகை தமிழில் வாசலிலே தொங்கவேண்டும். இது மாநிலத்தால் ஆகும். இரண்டு: அரசு நிலையங்களின் இயந்திரமும் பணியாளரும் வரிசைக்கேற்பப் பெருகவேண்டும். இதுவும் மாநிலத்தால் ஆகும். மூன்று: 2019-இல் 42 புற்றுநோய் மருந்துகளுக்கு விற்பனை இலாபம் 30 விழுக்காட்டைத் தாண்டலாகாது என்று மத்திய அரசு விதித்ததே, அதே விதி மருத்துவமனைக்குள் செலவாகும் இம்மருந்துக்கும் வரவேண்டும்.

இந்த மூன்றில் முதலாவதற்கு ஒரு காசும் செலவில்லை. அரசாணை ஒன்று போதும். நோயாளியின் உடலுக்குள் இருப்பதையெல்லாம் வெளிச்சமிட்டுக் காட்டும் மருந்து அது. அதன் விலையும் வெளிச்சத்துக்கு வரட்டும் என்று வலியுறுத்தி அமர்கின்றேன்.