குப்பைமேடு அகன்றபின்



ஊர்க்கழிவு சென்று சேரும் இடத்தை ஒட்டியே நம் குடியிருப்புகள் பல நெடுங்காலம் இருந்து வந்துள்ளன. விடுமுறை நாளில் சாக்குப்பையுடன் குப்பைமேட்டுக்குச் செல்லும் பிள்ளைகளை நாம் வகுப்பறையில் இருமலைக் கொண்டே அடையாளம் கண்டிருக்கிறோம்.

சென்னையில் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தை ஒட்டி ஏறத்தாழ 225 ஏக்கரில் பரவிய பெருங்குடிக் குப்பைமேட்டை மாநகராட்சி பயோமைனிங் முறையில் அகழ முற்பட்டது. அச்சதுப்புநிலம் 2022-இல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. பழங்குப்பையைக் கிளறி, உலர்த்தி, சல்லடை இயந்திரத்தில் இட்டு, மண்ணும் கல்லும் பிளாஸ்டிக்கும் வெவ்வேறாகப் பிரிக்கின்றனர். எரியக்கூடியவை சிமெண்டு ஆலைகளுக்குச் செல்கின்றன. நல்ல பணிதான், மறுப்பதற்கில்லை. ஆயினும் மேடு மறைந்தாலும், பல்லாண்டுகளாகக் கசிந்து நிலத்தினுள் இறங்கிய நஞ்சு உடனே மறைந்துவிடாது. மண்ணையும் கிணற்று நீரையும் சோதித்த அறிக்கை எங்கே என்று நாம் கேட்டல் வேண்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-இல் வந்தது. மனுவுக்குக் கட்டணம் 10 ரூபாயே.

மீட்ட நிலத்தில் பூங்கா அமைந்தால் மகிழ்ச்சியே. ஆனால் அங்கே குப்பை பொறுக்கிப் பிழைத்த குடும்பங்களுக்கு என்ன வழி? வார்டுதோறும் கூடும் பகுதி சபையில் இக்கேள்வியை இளைஞர்கள் எழுந்து நின்று கேட்டல் வேண்டும். மனு எழுத உதவி வேண்டுவோர் மாலையில் சங்கக் கட்டடத்திற்கு வரலாம். எழுதித்தர நாம் இருக்கிறோம்.