தலை தட்டியா, குவித்தா?

(மணலூர்பேட்டை வாசகர் கூட்டத்தில் பேசியதன் சுருக்கம்)



புத்தகத்தில் எழுதியவர் பெயர் இருக்கிறது, அச்சிட்டவர் பெயர் இருக்கிறது. இடையில் இருந்து வேலை செய்யும் எங்கள் பெயர் பெரும்பாலும் இருப்பதில்லை. நாங்கள் பதிப்பாசிரியர்கள். கதை, நாவல் அல்ல. வைத்தியம், சட்டம், விவசாயம் பற்றிய நூல்களைச் செப்பனிடுவது எங்கள் தொழில். "பிழை திருத்துகிறவர்தானே?" என்கிறார்கள். அது கால் பங்கு வேலைகூட இல்லை. மில்லில் அறுந்த இழையைத் தேடி ஒட்டும் தோழருக்கு இது சட்டென்று புரியும்.

டேவிட் வெர்னர் என்பவர் மெக்சிகோ நாட்டு மலைக் கிராமங்களில் வேலை செய்தார். அவர் டாக்டர் அல்ல, உயிரியல் படித்தவர். அந்த ஜனங்களுக்காக ஸ்பானிய மொழியில் ஒரு வைத்திய நூல் எழுதினார். 1977-இல் அது ஆங்கிலத்தில் வந்தது. பிறகு 80-க்கும் மேற்பட்ட மொழிகளில் பரவியது. தமிழில் 'டாக்டர் இல்லாத இடத்தில்' என்று சென்னை க்ரியா பதிப்பகம் வெளியிட்டது. கல்வராயன் மலையில் டோலி கட்டி நோயாளியைச் சுமந்தவர்களுக்கு அதன் அவசியத்தை விளக்க வேண்டுமா?

பேதியாகும் குழந்தைக்கு அதில் ஒரு பானம் சொல்லப்படுகிறது. ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீர், அரைத் தேக்கரண்டி உப்பு, எட்டுத் தேக்கரண்டி சர்க்கரை. மூன்றே சாமான்! பதிப்பாசிரியனுக்கு இதில் என்ன வேலை? கரண்டியைத் தலை தட்டி அளப்பதா, குவித்து அளப்பதா? களத்துமேட்டில் கூலி நெல் வாங்கியவர்களுக்கு இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். ஆண்டை தனக்கு அளந்தால் குவிப்பான். உங்களுக்கு அளந்தால் தலையைத் தட்டுவான். அங்கே போனது நெல். இங்கே உப்பைக் குவித்தால் குழந்தையின் உயிருக்கே ஆபத்து. அச்சில் 'அரை' என்ற சொல் விழுந்துபோனால் உப்பு இரட்டிப்பாகிறது! சர்க்கரை போடுமுன் ருசி பார்க்க வேண்டும். கண்ணீரைக் காட்டிலும் கரிக்கக் கூடாது. இந்தச் சோதனையும் நூலில் உண்டு. தேக்கரண்டி இல்லாத வீடு இருக்கலாம், கண்ணீரின் ருசி தெரியாத வீடு ஏது?

"மலிவு விலைப் புத்தகம், பாமர ஜனங்களுக்குத்தானே, இத்தனை சிரமம் எதற்கு?" என்று கேட்கும் கனவான்கள் உண்டு. படித்தவர் வீட்டில் நாலு புத்தகம் இருக்கிறது. ஒன்று தப்பாகச் சொன்னால் இன்னொன்றைப் புரட்டுவார். உழைப்பாளி வீட்டில் இருப்பது இந்த ஒன்றுதான். அப்படியானால் எதற்கு அதிகச் சிரமப்பட வேண்டும்?

1974-இல் க்ரியாவைத் தொடங்கிய எஸ். ராமகிருஷ்ணன் இந்தச் சிரமத்தையே தொழிலாகக் கொண்டவர். ஜனங்கள் இன்று வழங்கும் சொற்களுக்கு 1992-இல் அகராதி கொண்டுவந்தார். 2008-இல் அதை விரித்தார். மூன்றாம் பதிப்பு 2020-இல் வந்தது. அந்த நவம்பரில் கொரோனா அவரைக் கொண்டுபோயிற்று.

இப்போது எங்கள் கையில் பாம்புக் கடி பற்றிய சிறு நூலின் அச்சுப்படி இருக்கிறது. இறுகக் கட்டு, கீறு, உறிஞ்சு என்று பழைய நூல்கள் சொல்லின. மூன்றும் தவறு. கடிபட்ட காலை அசைக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். சரி, வரப்பில் விழுந்தவனை அசைக்காமல் எப்படிக் கொண்டுபோவது? அதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். ஒரு தோழர் உரக்க வாசிக்கட்டும். புரியாத இடத்தில் கை தூக்குங்கள், பென்சிலோடு உட்கார்ந்திருக்கிறோம்.