பள்ளி மைதானமும் பிள்ளைகளின் பாதுகாப்பும்

(ஜமாஅத் கல்விக் குழு கூட்டிய பெற்றோர் – ஆசிரியர் சந்திப்பில் ஆற்றப்பட்ட உரை)

 

கல்விக் குழுவின் சார்பில் நாம் இதுகாறும் மதிப்பெண்களைப் பற்றியும், உதவித்தொகைகளைப் பற்றியும், மேற்படிப்பைப் பற்றியுமே மிகுதியாகப் பேசி வந்துள்ளோம். இன்று விளையாட்டுப் பாடவேளையைப் பற்றிப் பேச விழைகிறோம். காரணம் உண்டு. எங்கோ ஒரு பள்ளியில் ஓட்டப் பந்தயத்தில் மாணவன் சுருண்டு விழுந்தான் என்ற செய்தி நாளேட்டில் வந்தால், மறுநாளே நம் தெருவில் சில பெற்றோர், "எம் பிள்ளைக்கு விளையாட்டே வேண்டாம்" என்று கூறிவிடுகின்றனர். பள்ளியும் வம்பு எதற்கு என்று அந்தப் பாடவேளையைக் கணக்குப் பாடத்திற்கு அளித்துவிடுகிறது. இருவருக்கும் நிம்மதி, இழப்பு பிள்ளைக்கு. 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் பள்ளிக்கு விளையாட்டு மைதானம் இருக்க வேண்டும் என்கிறது. நூறு பிள்ளைகளுக்கு மேல் பயிலும் நடுநிலை வகுப்புகளுக்கு, பகுதி நேரமாகவேனும் உடற்கல்விப் பயிற்றுநர் வேண்டும் என்றும் கூறுகிறது. சட்டம் கொடுத்த உரிமையை அச்சத்தால் கைவிடுவது முறையன்று. அச்சம் எதனால் வருகிறதோ அதைச் சீர்செய்வதே முறை.

முதலில் மைதானத்தையே எடுத்துக்கொள்வோம். அரசுப் பள்ளி மைதானம் ஊருக்கே பொதுவானது. அதிகாலையில் நடைப்பயிற்சி, மாலையில் இளைஞர்களின் மட்டைப்பந்து, இரவில் யார் யாரோ. காலையில் உடைந்த புட்டிச் சில்லுகள் கிடக்கும் இடத்தில் வெறுங்காலோடு பிள்ளைகள் ஓடுகின்றனர். பொதுக்கூட்டம் முடிந்தபின் பந்தல் கால் நட்ட குழிகளை எவரும் மூடுவதில்லை. கணுக்கால் பிசகுவதற்கும் முழங்கை எலும்பு முறிவதற்கும் இத்தகைய ஒரு குழி போதும். நம் ஜமாஅத் நிகழ்ச்சியாயினும் பிறர் நிகழ்ச்சியாயினும், குழியை மூடி மண்ணை இறுக்கிய பிறகே இடத்தை ஒப்படைப்பது என்ற நிபந்தனையைப் பள்ளி மேலாண்மைக் குழு எழுத்தில் வைக்க வேண்டும். அக்குழுவில் பெற்றோரே பெரும்பான்மையினர் என்பதை நினைவூட்டுகிறோம். முதல் பாடவேளைக்கு முன் பிள்ளைகள் வரிசையாக நின்று மைதானத்தை ஒருமுறை நடந்து பார்ப்பது பத்து நிமிட வேலை. கண்ணாடிச் சில்லைக் கண்டால் பிள்ளை கையால் தொடாமல் ஆசிரியரை அழைக்கட்டும். கபடிக் களத்தைக் கொத்தி நீர் தெளித்துக் கல் பொறுக்குவதும், நீளம் தாண்டும் குழியின் மணலைக் கிளறி விடுவதும் அன்றன்றைக்குச் செய்ய வேண்டியவை. மணல் கிளறிய வாரியைப் பற்கள் மேல்நோக்கிய நிலையில் போட்டுவிடலாகாது.

கால்பந்துக் கோல் கம்பங்களைப் பற்றி ஒரு சொல். எளிதில் நகர்த்தக்கூடிய இரும்புக் கம்பங்களின் எடை முழுவதும் முன்பக்கமாகவே சாயும். பிள்ளைகள் குறுக்குக் கம்பியில் தொங்கியாடினால் அவை அப்படியே கவிழ்ந்து தலையில் விழும். உலகின் பல நாடுகளில் பிள்ளைகள் இவ்வாறு மாண்டிருக்கின்றனர். நம் குழு பள்ளிக்குக் கம்பங்கள் வாங்கித் தர எண்ணியிருப்பதால் இதைக் குறிப்பிடுகிறோம். நிலத்தில் ஊன்றிக் காரை இடும் செலவையும் சேர்த்தே மதிப்பீடு தயாரிக்க வேண்டுகிறோம்.

எறிதல் போட்டிகள் தனிக் கவனத்திற்குரியவை. 2019 அக்டோபரில் கேரளத்தின் பாலா நகரில் மாநில இளையோர் தடகளப் போட்டி நடந்தது. ஈட்டி எறிதலும் சங்கிலிக்குண்டு எறிதலும் ஒரே நேரத்தில், அருகருகே நடத்தப்பட்டன. தொண்டராகப் பணியாற்ற வந்திருந்த பதினோராம் வகுப்பு மாணவன் ஒருவன் ஈட்டியை எடுக்கச் சென்றபோது, மற்றொரு திசையிலிருந்து பறந்து வந்த குண்டு தலையில் தாக்கியது. இரண்டு வாரங்களுக்கு மேல் மருத்துவமனையில் போராடி அவன் உயிர் துறந்தான். அவன் போட்டியாளன் அல்லன் என்பதைக் கவனியுங்கள். உதவிக்கு நின்ற பிள்ளை! ஆகவே ஒரு நேரத்தில் ஓர் எறிதல் மட்டுமே நடைபெற வேண்டும். அனைவரும் எறிந்து முடித்து, ஆசிரியர் ஊதல் ஒலித்த பிறகே பொறுக்கச் செல்ல வேண்டும். எறிபவருக்கு முன்னால் எவரும் நிற்கலாகாது. இவை மாநிலப் போட்டிக்கு மட்டுமல்ல, முப்பது பிள்ளைகள் கொண்ட வகுப்புக்கும் பொருந்தும்.

இனி, நம் மண்ணில் மிகப் பெரிய இடர் வெயிலே. கோடை முடிந்தும் வெப்பம் தணியாததால் தமிழகத்தில் 2023ஆம் ஆண்டிலும் 2024ஆம் ஆண்டிலும் பள்ளி திறப்பையே தள்ளிவைக்க நேர்ந்தது. கடலோர ஊர்களில் வாழும் நாம் ஒன்றை உணர்ந்தாக வேண்டும். வெயிலின் அளவு மட்டும் ஆபத்தைக் காட்டாது. வியர்வை ஆவியானால்தான் உடல் குளிரும். காற்றில் ஈரம் மிகுந்தால் வியர்வை வழியுமே தவிர ஆவியாகாது. 1950களில் அமெரிக்கப் படைப் பயிற்சி முகாம்களில் வீரர்கள் வெப்பத்தால் வீழ்ந்ததை ஆராய்ந்தவர்கள் வகுத்த வெப்ப அளவுக் கணக்கில், காற்றின் ஈரத்தைச் சார்ந்த அளவுக்கு மட்டும் 70 விழுக்காடு இடம் தந்தனர். வானொலியில் சொல்லும் வெப்பநிலை குறைவாக இருந்தும் பிள்ளை வாடி நிற்பதன் காரணம் இதுவே.

உடல் வெயிலுக்குப் பழக ஒன்று முதல் இரண்டு வாரங்கள் ஆகும். விடுமுறை முழுவதும் வீட்டிற்குள் இருந்த பிள்ளையைப் பள்ளி திறந்த முதல் வாரத்திலேயே மைதானத்தைப் பத்துச் சுற்று ஓடச் சொல்வது கொடுமை. தண்டனையாக ஓடச் சொல்வதோ, நூற்றுக்கணக்கில் தோப்புக்கரணம் போடச் சொல்வதோ அதைவிடக் கொடுமை. பழக்கமில்லாத தசைகளை எல்லை மீறி வருத்தினால் தசை சிதைந்து, அதன் கழிவு சிறுநீரகத்தையே செயலிழக்கச் செய்யக்கூடும். உடல்ரீதியான தண்டனையை மேற்சொன்ன சட்டத்தின் 17ஆம் பிரிவு தடை செய்துள்ளது என்பதையும் சொல்லி வைக்கிறோம்.

தாய்மார்கள் செவிகொடுக்க வேண்டிய செய்தி ஒன்று. நம் பெண் பிள்ளைகளில் பலர் பள்ளியில் தண்ணீரே அருந்துவதில்லை. கழிப்பறை தூய்மையாக இல்லை என்பதால் காலையில் வீட்டில் குடித்ததோடு மாலை வரை அடக்கிக்கொள்கின்றனர். அந்த நிலையில் அவர்களை விளையாட விட்டால் மயக்கம் வராமல் என்ன செய்யும்? கழிப்பறைக்குத் தாழ்ப்பாளும் தண்ணீரும் கேட்பது விளையாட்டுப் பாதுகாப்பைக் கேட்பதே ஆகும். உடற்கல்வி ஆசிரியரால் மட்டும் தீர்க்க முடியாத இதைத்தான் மேலாண்மைக் குழுவில் நாம் முதலில் எழுப்ப வேண்டும்.

வெயிலில் விளையாடிய பிள்ளை தள்ளாடினாலோ, தொடர்பின்றிப் பேசினாலோ, உடல் நெருப்பாய்ச் சுட்டாலோ, வியர்வை இருக்கிறதே என்று ஏமாந்துவிடக் கூடாது. 108 ஊர்திக்குச் சொல்லிவிட்டு, வரும் வரை காத்திராமல், நிழலில் கிடத்தி, குழாய் நீரையோ வாளி நீரையோ உடல் முழுவதும் இடைவிடாது ஊற்றி விசிற வேண்டும். பனிக்கட்டி கிடைத்தால் இன்னும் நன்று. குளிர்விப்பதே முதல் மருத்துவம். நினைவு தெளிவில்லாத பிள்ளையின் வாயில் மட்டும் எதையும் ஊற்றலாகாது.

மற்றொன்று இதயம். 2021 ஜூன் மாதம் கோபன்ஹேகன் மைதானத்தில் டென்மார்க் வீரர் கிறிஸ்டியன் எரிக்சன் எவரும் மோதாமலேயே விழுந்ததையும், மார்பை அழுத்தியும் மின் அதிர்வு கொடுத்தும் களத்திலேயே அவரை மீட்டதையும் பலர் தொலைக்காட்சியில் கண்டிருப்பீர்கள். இதயம் நின்றபின் ஒவ்வொரு நிமிடத் தாமதமும் பிழைக்கும் வாய்ப்பைக் குறைத்துக்கொண்டே செல்லும். மூச்சற்று விழுந்தவரின் மார்பின் நடுவே நிமிடத்திற்கு 100 முதல் 120 முறை அழுத்தும் பயிற்சியை ஆசிரியர்கள் மட்டுமன்றி மேல்வகுப்பு மாணவர்களும் கற்கலாம். முன்னறிவிப்புகளும் உண்டு. ஓடும்போதே மயங்கி விழுதல், விளையாடும்போது நெஞ்சுவலி, குடும்பத்தில் இளவயது திடீர் மரணம் ஆகியவற்றை மறைக்காதீர்கள். "பெண் பிள்ளை, நாளை வரன் பார்க்க வேண்டும்" என்று வலிப்பையும் இழுப்பையும் ஆசிரியரிடம் மறைக்கும் வழக்கம் நம்மிடையே உள்ளது. அவர் அறிந்திருந்தால்தான் இழுப்பு மருந்து பிள்ளையின் பையில் இருக்கிறதா என்று கேட்பார். 2013 முதல் நடைபெறும் தேசியச் சிறார் நலத் திட்டத்தின் மருத்துவக் குழு அரசுப் பள்ளிகளுக்கு ஆண்டுக்கு ஒருமுறை வருகிறது. அன்று பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பத் தவறாதீர்கள். இதயக் குறை கண்டறியப்பட்டால் உயர் சிகிச்சைக்கு வழி செய்வதும் அத்திட்டமே.

தலையில் அடிபட்ட பிள்ளை தெளிவாகத் தோன்றினாலும் அன்று மீண்டும் களமிறங்கக் கூடாது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலம் 2009இல் மருத்துவரின் எழுத்துச் சான்று இன்றித் திரும்ப விளையாடக் கூடாதெனச் சட்டமே இயற்றியது. இடி கேட்டால் மரத்தடிக்கு ஓடாமல் கட்டடத்திற்குள் செல்ல வேண்டும். கடைசி இடிக்குப் பின் அரை மணி நேரம் வெளியே வரலாகாது.

நோன்பைப் பற்றியும் கூறிவிடுகிறோம். ரமலான் மாதம் ஆண்டுதோறும் ஏறக்குறைய பதினொரு நாள் முன்னகர்கிறது. 2025இல் மார்ச் மாதம் முழுதும் அமைந்தது. இனி வரும் சில ஆண்டுகளில் பிப்ரவரிக்கும் ஜனவரிக்கும் வரும். பள்ளிகள் விளையாட்டு விழா நடத்தும் பருவமும் அதுவே. நோன்பு நோற்ற மாணவனை நீள் ஓட்டத்தில் சேர்க்காமல், நேரம் குறிப்பது, மதிப்பெண் எழுதுவது போன்ற பணிகளில் ஈடுபடுத்துமாறு இங்கு வந்துள்ள ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறோம். வெட்கத்தால் பிள்ளைகள் தாமாகச் சொல்லமாட்டார்கள். எனவே நோன்பிருக்கும் மாணவர்களின் பட்டியலை வகுப்புவாரியாகத் தயாரித்து, ரமலான் பிறை பார்ப்பதற்கு ஒரு வாரம் முன்னதாகவே தலைமையாசிரியர்களிடம் கல்விக் குழு சேர்ப்பிக்கும். பெற்றோர்கள் தத்தம் பிள்ளையின் பெயர், வகுப்பு, நோய் விவரம் ஏதேனும் இருப்பின் அது ஆகியவற்றை ஜமாஅத் அலுவலகத்தில் உள்ள படிவத்தில் நிரப்பி, உறையிலிட்டு ஒட்டிக் கொடுக்க வேண்டுகிறோம். உறையைத் தலைமையாசிரியர் மட்டுமே பிரிப்பார்.